கேஷ்மியர் ஸ்வெட்டரும் பஷ்மினா சால்வையும்: சென்னையில் வைத்துக் காப்பாற்ற முடியுமா?

வடகடல் (அபர்தீன்)

வணக்கம். ஏப்ரலில் குடும்பத்தோடு சென்னைக்கே திரும்புகிறோம், வேளச்சேரியில் வீடு. எங்களிடம் சில கேஷ்மியர் (ஆட்டின் அடிப்பூரோமத்தில் நூற்றது) ஸ்வெட்டர்கள் இருக்கின்றன. இங்கே ஸ்காட்லாந்தில், எல்ஜினில் 1797-லிருந்து நடக்கும் ஆலையின் கடையில் தள்ளுபடியில் வாங்கியவை. கூடவே என் மனைவிக்கு அவர் அம்மா கொடுத்த பஷ்மினா சால்வை ஒன்று. ஸ்ரீநகரில் வாங்கியது, ஓரம் முழுக்க ஊசிவேலை.

இதுவரை எல்லாவற்றையும் டிரை கிளீனிங்குக்குத்தான் கொடுத்துவந்தோம். சென்னையில் இவற்றைப் போட வாய்ப்பில்லை. ஊட்டி, பெங்களூர், மறுபடி இந்தப் பக்கம் வந்தால் என்று எப்போதாவது வேண்டியிருக்கும். "பீரோவில் அந்துருண்டை போட்டு வை, போதும்" என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டில் துவைக்கலாமா? எப்படி எடுத்து வைப்பது?

இன்னொன்று. ஒரு ஸ்வெட்டர் முதல் குளிர்காலத்திலேயே கக்கத்தில் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. சரக்கு போலியா?

ஸ்கார்பரோக்காரன் (ரொறன்ரோ)

வணக்கம் வடகடல். டிரை கிளீனிங் கடையில் கனகாலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பின்னல் ஸ்வெட்டரை வீட்டிலேயே தோய்க்கலாம், தோய்க்கத்தான் வேணும். தண்ணீர் பட்டால் பழுதாகிவிடும் என்று பயந்துதான் ஆக்கள் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை.

டிரை கிளீனிங் மெஷினில் தண்ணீருக்குப் பதிலாக ஒரு கரைப்பான் ஓடும். எண்ணெய், மேக்கப் கறைகளை அது நன்றாக எடுக்கும். வியர்வை உப்பு, தேத்தண்ணீர், ஜூஸ் மாதிரி நீரில் கரைகிறவற்றை அவ்வளவாக எடுக்காது. உடுப்பு துப்புரவாகத் தெரியும், பிளாஸ்டிக் உறை போட்டுத் தருவார்கள், ஆனால் அக்குளில் உப்பு அப்படியே நிற்கும். சிந்தின ஜூஸில் இருக்கும் சீனி அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்த பிறகு மஞ்சளாக வெளியே வரும். பூச்சி முதலில் கடிப்பதும் அந்த இடத்தைத்தான்.

உள்ளே லைனிங் வைத்துத் தைத்த கோட், தோளுக்குப் பஞ்சு வைத்த ஜாக்கெட் என்றால் கடைக்கே கொடுங்கள். மற்றதுக்கு உள்பக்க லேபிளைப் பாருங்கள். தொட்டிக்குள் கை இருக்கும் படம் என்றால் கையால் தோய்க்கலாம். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீர் வேண்டாம்.

திருப்பூர் நூல் (திருப்பூர்)

அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்துவிட்டால் எதைச் செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

கேஷ்மியரும் நம் தலைமுடியும் ஒரே கெரட்டின் புரதம்தான். ஒவ்வொரு இழையின் மேலும் மீன் செதில் போல அடுக்கு இருக்கும், எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி. ஈரத்தில் இழை ஊறும்போது செதில் விரிந்துகொள்ளும். அந்த நேரத்தில் கசக்கினால் ஒரு இழை அடுத்த இழைக்குள் முன்னால் நகரும், திரும்பி வராது. சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். கடைசியில் மொத்தத் துணியும் சுருங்கி அட்டை மாதிரி இறுகிவிடும். அப்படி இறுகியதை ஹேர் கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் கொஞ்சம் தளரும் என்பது உண்மைதான், ஆனால் பழைய அளவு திரும்பாது. ஆகவே பயப்பட வேண்டியது தேய்ப்பதற்கும் சூட்டுக்கும்.

மூன்றாவது எதிரி காரம். சாதாரணத் துணி பவுடர் நல்ல காரத்தன்மை கொண்டது. அதனால் பருத்திக்கு ஒன்றும் ஆகாது, கெரட்டின் கெட்டுவிடும். அதோடு இப்போதைய பவுடர்களில் ரத்தம், முட்டைக் கறையை நீக்கப் புரதத்தை அறுக்கும் என்சைம் போடுகிறார்கள். ஸ்வெட்டரே புரதம் என்பது அந்த என்சைமுக்குத் தெரியாது. நீங்கள் இருக்கும் நாட்டில் டப்பாவில் 'பயோ' என்று போட்டிருந்தால் என்சைம் உண்டு என்று பொருள். 'நான்-பயோ'வில் என்சைம் கிடையாது, காரம் உண்டு. இரண்டும் வேண்டாம். குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தே விடும். சாஃப்ட்னரும் தேவையில்லை, அது இழை மேல் பூச்சாகப் படிந்து ரோமத்தின் உயிர்ப்பை மழுங்கடிக்கும். கம்பளிக்கென்றே விற்கும் திரவம் போதும், இங்கே ஈஸி எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும். அவசரத்துக்குக் குழந்தைகளுக்கான ஷாம்பு.

உருண்டை திரள்வதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சரக்கு வாங்கும் பையர் கேட்கும் டெஸ்டுகளில் பில்லிங்கும் (இப்படி உருண்டை திரள்வது) ஒன்று. துணியை ரப்பர் போன்ற குழாயில் சுற்றி, உள்ளே கார்க் ஒட்டிய பெட்டியில் போட்டு மணிக்கணக்கில் உருட்டி, 1 முதல் 5 வரை கிரேடு கொடுப்பார்கள். 5 என்றால் உருண்டையே இல்லை. கேஷ்மியரை அதில் தேற்றுவது சிரமம். இழை குட்டை, மிருதுவாக இருக்க வேண்டும் என்று முறுக்கையும் குறைத்துத்தான் நூற்கிறார்கள். குட்டை இழைகள் உரசலில் வெளியே வந்து ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். கக்கம், கைப்பையின் வார் படும் இடுப்பு, சீட் பெல்ட் படும் மார்பு, இங்கேதான் திரளும். பிடிப்பில்லாத இழையெல்லாம் உதிர்ந்த பிறகு, சில துவைப்புகளில், தானாகக் குறைந்துவிடும்.

நான் சந்தேகப்படுவது கடையில் தொட்டதுமே அளவுக்கு மீறி மிருதுவாக இருக்கும் மலிவு ஸ்வெட்டரை. ஆலையிலேயே அதிகம் அலசி ரோமத்தைக் கிளப்பி விட்டிருப்பார்கள். ஸ்காட்லாந்து சரக்கு புதிதில் கொஞ்சம் விறைப்பாக இருந்து, துவைக்கத் துவைக்க இளகும். உங்களுடையது அந்த ரகமாகத்தான் இருக்கும்.

கரோல்பாக் (டெல்லி)

தம்பி வடகடல், ஸ்வெட்டரைப் பற்றி இவர்கள் சொல்லட்டும், சால்வையைப் பற்றி நான் சொல்கிறேன். டெல்லியில் குளிர் தொடங்கினால் காஷ்மீர் வியாபாரிகள் மூட்டையோடு வீட்டுக்கே வருவார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

அங்கே பஷ்மினாவை அலசுவது ரீட்டாவில், அதாவது நம் பூந்திக்கொட்டை. பட்டுப்புடவைக்கு நம் வீடுகளில் போடுவோமே, அதுவேதான். கொட்டையின் மேல்தோட்டை உடைத்து எடுத்துக்கொண்டு, விதையை எறிந்துவிட்டு, வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகு பயன்படுத்த வேண்டும். காரம் கிடையாது, நுரை கொஞ்சமாகத்தான் வரும், அது போதும். வெள்ளை, இளம் நிறங்களுக்கு வேண்டாம், வடிநீரின் பழுப்பு ஏறலாம்.

ஆனால் ஊசிவேலைச் சால்வையை எடுத்தவுடன் தண்ணீரில் போடாதே. பின்பக்கம் ஒவ்வொரு நிற நூலிலும் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தி எடுத்துப் பார். சாயம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். நெய்யும்போதே பூ வரும் கனி சால்வையாக இருந்தாலும் வீட்டில் துவைக்காதே.

உன் மாமியார் வாங்கியது நிஜ பஷ்மினாவா என்று தெரிந்துகொள்வதும் நல்லது. பஷ்மினா என்ற பெயரில் விஸ்கோஸ் சால்வை எத்தனையோ விற்கிறது. ஓரக் குஞ்சத்தில் ஒரு இழையைக் கிள்ளி நெருப்பில் காட்டு. காகிதம் எரியும் வாசம் வந்தால் விஸ்கோஸ். உருகி மணியாக இறுகினால் அக்ரிலிக். முடி கருகும் நாற்றம் வந்து சாம்பல் விரலில் நொறுங்கினால் விலங்கு ரோமம். அது பஷ்மினாவா சாதாரணச் செம்மறியாட்டுக் கம்பளியா என்பதை நெருப்பு சொல்லாது. மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டும் வித்தையை நம்பாதே, மெல்லிய துணி எதுவும் நுழையும். ஸ்ரீநகரில் இதற்கென்று சோதனைக் கூடம் இருக்கிறது. கையால் நூற்று, கையால் நெய்த, இழைத் தடிமன் 16 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும் பஷ்மினாவுக்குத்தான் அங்கே புவிசார் குறியீட்டு முத்திரை கொடுக்கிறார்கள்.

சுபேதார் ஓய்வு (வேலூர்)

லடாக்கில் லே பக்கம் பணியில் இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். சாங்தாங் 4000 மீட்டருக்கு மேலே இருக்கும் மேட்டுநிலம். பனிக்காலத்தில் மைனஸ் 30-க்கும் கீழே போகும். அந்தக் குளிரைத் தாங்க ஆட்டின் முரட்டு முடிக்கு அடியில் முளைக்கும் பூரோமம்தான் பஷ்மினா. கோடை தொடங்கும்போது தானாக உதிர ஆரம்பிக்கும். அங்கே ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள் ஆட்டைப் படுக்கவைத்துக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீளப் பல் சீப்பால் கழுத்திலிருந்து வாரி எடுப்பார்கள். ஒரு ஆட்டுக்கு வருஷத்தில் கால் கிலோ வந்தாலே நல்ல வரவு. அதிலும் முரட்டு முடி, மண், அழுக்கு எல்லாம் போனால் பாதி நிற்பதே அரிது. ஒரு ஸ்வெட்டருக்கு மூன்று, நான்கு ஆடுகளின் ஒரு வருஷ ரோமம் வேண்டும். அதை அலட்சியமாக வைத்துக் கெடுக்க மனசு வராது.

வடகடல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. கோட் எதுவும் இல்லை, எல்லாம் கை அடையாளம் போட்ட பின்னல் ஸ்வெட்டர்கள்தான். சால்வைக் குஞ்சத்தைக் கொளுத்திப் பார்த்தோம், முடி வாசம்தான் வந்தது. ஆனால் சிவப்பு நூலில் சாயம் லேசாக ஒட்டுகிறது, அதைத் துவைக்கப்போவதில்லை. திருப்பூர் அண்ணா, ஸ்வெட்டரைத் துவைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

திருப்பூர் நூல்

சொல்கிறேன். அகலமான டப், கையை வைத்தால் வெதுவெதுப்புகூடத் தெரியாத தண்ணீர். 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம். திரவத்தை முதலில் தண்ணீரில் கலக்கிவிட்டுப் பிறகு துணியைப் போடுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, விரித்த மாதிரியே அமிழ்த்துங்கள். ஐந்து பத்து நிமிஷம் போதும். உள்ளங்கையால் மேலிருந்து அழுத்தி அழுத்தி விடுங்கள், அழுக்குத் தண்ணீர் தானாக வெளியே வரும். கழுத்துப் பட்டை, கை நுனி என்றாலும் கசக்க வேண்டாம், அந்த இடத்தில் கொஞ்சம் திரவத்தை விரலால் தடவி விட்டாலே போதும்.

அலசும்போதுதான் அதிகம் கெடுகிறது. ஓடும் குழாய்க்கு அடியில் பிடிக்கக் கூடாது. தோளைப் பிடித்துத் தூக்கவும் கூடாது: ஈரத்தில் இழையின் வலு குறைவு, உறிஞ்சிய தண்ணீரோ அதிகம், அந்தப் பாரத்தில் கைகள் முழங்கால்வரை நீண்டுவிடும். இரண்டு கையாலும் அடியில் தாங்கி மொத்தமாக எடுத்து, அதே சூட்டில் இருக்கும் வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள். முதல் தண்ணீர் வெதுவெதுப்பு, இரண்டாவது பனிக்கட்டி என்று இருக்க வேண்டாம். நுரை நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள்.

பிழியவே கூடாது. தடித்த டவலை விரித்து அதன் மேல் ஸ்வெட்டரைப் பரப்பி, பாயைச் சுருட்டுகிற விதமாகச் சேர்த்துச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். டவல் நனைந்துவிடும், ஸ்வெட்டர் பாதி காய்ந்துவிடும். பிறகு வேறு காய்ந்த டவலில் கிடைமட்டமாக விரித்து, துவைப்பதற்கு முன் எடுத்து வைத்த அளவுக்கு இழுத்துச் சரி செய்யுங்கள். தோள் அகலம், உடம்பு நீளம், கை நீளம் மூன்றையும் முன்கூட்டியே ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். நிழலில், காற்று ஓடும் இடத்தில் காயட்டும். ஹீட்டர் மேலும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். கொடியில் போட்டால் நடுவில் ஒரு கோடு விழுந்து போகவே போகாது.

நன்றாகக் காய்ந்த பிறகு மேஜையில் விரித்து, உருண்டைகளை அதற்கான சீப்பால் ஒரே திசையில் மெல்ல வாருங்கள். இடது கையால் துணியை லேசாக இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். விரலால் பிய்த்தால் உள்ளே பிடிப்போடு இருக்கும் இழையும் சேர்ந்து வரும், நாளடைவில் அந்த இடமே மெலிந்துவிடும். பிளேடு எடுக்காதீர்கள்.

ஏரிக்கரை ராம் (மின்னசோட்டா)

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு வேலை என்றால் பாதிப் பேர் துவைக்காமலேயே வைத்துவிடுவார்கள். என்னிடம் முன்பக்கக் கதவு வைத்த மெஷின். கம்பளி சைக்கிளில், குளிர்ந்த தண்ணீரில், வலைப்பைக்குள் போட்டுப் பல குளிர்காலமாகத் துவைக்கிறேன். அளவு மாறவில்லை.

திருப்பூர் நூல்

ராம், உங்கள் மெஷினில் சரியாக வரும், மறுக்கவில்லை. கம்பளி சைக்கிளில் டிரம் தொட்டில் ஆட்டுகிற அளவுக்குத்தான் அசையும். மெதுவான ஸ்பின் நல்லதுகூட, கையால் முறுக்குவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இதைப் படிப்பவர்கள் வீட்டில் மேல்மூடி மெஷின் இருக்கும். நடுவில் துடுப்பு சுழலும் அந்த மெஷினில் 'ஜென்டில்' என்று போட்டிருந்தாலும் துணி துணியோடு உரசும். அதில் வேண்டவே வேண்டாம். டிரையர் எந்த மெஷினிலும் கிடையாது. இந்த இரண்டும் புரிந்தவர்கள் ராம் செய்வதைச் செய்யலாம்.

பிறைநிலா (சென்னை)

அந்துருண்டை பற்றி யாரும் பேசவில்லையே. நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். வடகடல் சார், வீட்டில் கைக்குழந்தை இருந்தால், வரப்போவதாக இருந்தால், நாப்தலின் உருண்டையைத் தவிர்த்துவிடுங்கள். ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ள குழந்தைக்கு, அந்துருண்டை போட்டு வைத்த போர்வையில் சுற்றினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. பாட்டி பீரோவிலிருந்து எடுத்த பழைய சால்வை என்றாலும் இதே ஆபத்துதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-லேயே நாப்தலின் அந்துருண்டையை நிறுத்திவிட்டார்கள். தயவுசெய்து அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கரோல்பாக்

இதை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை அம்மா, நன்றி. நிழலில் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. அது போதாதா?

ஸ்கார்பரோக்காரன்

அக்கா, வேப்பிலை, லாவெண்டர், சீடர் (தேவதாரு) மரக்கட்டை எல்லாம் வாசம் இருக்கும்வரை கொஞ்சம் உதவும். ஏற்கனவே உள்ளே இருக்கும் முட்டையையும் புழுவையும் அவை கொல்லாது. பறக்கிற அந்துப்பூச்சிக்குத் துணி தின்ன வாயே இல்லை, தின்பது அதன் புழு. ஆகவே பூச்சியை விரட்டுவதைவிட முட்டை இல்லாத, அழுக்கு இல்லாத உடுப்பை இறுக மூடி வைப்பதுதான் உறுதியான வழி. எப்போதோ போட்டுக் கழற்றிய உடுப்பைத் தோய்க்காமல் அப்படியே மூடி வைத்தால் எந்த மருந்தும் உதவாது.

பிறைநிலா

சென்னை வீட்டுச் சுவரில் பூசணி விதை அளவில் சாம்பல் நிறக் கூடு ஒட்டியிருக்குமே, இரண்டு முனையிலும் மாறி மாறித் தலையை நீட்டும் புழு, அதுவும் இந்த வகைதான். ஒட்டடையையும் உதிர்ந்த முடியையும் தின்று வளரும், கம்பளி கிடைத்தால் விடாது. ஈரப்பதம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். பீரோவுக்குப் பின்னால் மாதம் ஒரு முறை ஒட்டடை அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். ராமபாணப் பூச்சியை நினைத்து அவ்வளவு பயப்பட வேண்டாம், அது தேடுவது கஞ்சியும் காகிதமும்.

பூச்சியைவிட நான் கவலைப்படுவது ஐப்பசி, கார்த்திகை மழையைப் பற்றி. வேளச்சேரியில் கேட்கவே வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் பூஞ்சை வராமல் இருக்காது. உள்சுவர்ப் பக்கம், மேல் தட்டில் வையுங்கள்.

திருப்பூர் நூல்

சென்னைக்கு என் யோசனை: காற்றுப் புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. துணி துளி ஈரம்கூட இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தோடு மூடினால் பெட்டியே பூஞ்சை வளர்க்கும். ஒவ்வொன்றையும் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, கனமானது அடியில், லேசானது மேலே. நான்கு மூலையிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். ஹேங்கர் கூடாது, தோளில் கொம்பு முளைத்துவிடும். தை, மாசியில் ஒரு நல்ல நாளில் திறந்து, மின்விசிறிக்கு அடியில் நாள் முழுக்க ஆறப் போட்டு, மடிப்பை வேறு இடத்தில் மாற்றி மடியுங்கள். நாள்பட்ட மடிப்பில்தான் இழை முறியும். பட்டுப்புடவையை மாற்றி மடிக்கும் வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சென்னையில் துவைக்க நேர்ந்தால் இரண்டு விஷயம். மே மாதம் மதியம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டும், விடியற்காலையில் துவையுங்கள். போர் தண்ணீர் உப்பும் இரும்புமாக இருந்தால் கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீர் எடுங்கள்.

ஸ்கார்பரோக்காரன்

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஸ்கொட்லாந்துத் தண்ணீர் மிருதுவான தண்ணீர், சவர்க்காரம் சுத்தமாகக் கழுவிப் போகும். வடகடல், வெளிக்கிடுவதற்கு முன்னமே எல்லாவற்றையும் அங்கேயே தோய்த்து, காயவைத்து, சிப் பைகளில் மூடிக் கொண்டுபோங்கள். சால்வையை மட்டும், கைவேலைச் சால்வை பார்த்துப் பழகிய டிரை கிளீனரிடம் கொடுத்து, பிரஸ் போட வேண்டாம் என்று எழுதி ஒட்டுங்கள். ஸ்வெட்டரோடு குட்டிப் பையில் நூல் தந்திருப்பார்கள், எறிந்துவிடாதீர்கள். ஓட்டை விழுந்தால் அந்த நூலில்தான் நிறம் பொருந்தும்.

கரோல்பாக்

சால்வையில் ஓட்டை விழுந்தால் தையல்காரரிடம் கொடுக்காதே தம்பி. ரஃபூகர் என்று அதற்கே பரம்பரைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தில் நஜிபாபாத் அந்த வேலைக்குப் பேர்போன ஊர். பாவு, ஊடை என்ற நெடுக்கு, குறுக்கு நூல்களை ஊசியாலேயே திரும்ப நெய்து கொடுப்பார்கள். சால்வை வியாபாரிகளிடம் கேட்டால் அனுப்பிவைக்க வழி சொல்வார்கள்.

வடகடல்

அப்படியே செய்கிறோம். இந்த வார இறுதியில் முதல் ஸ்வெட்டரைத் துவைக்கப்போகிறேன், அளவெல்லாம் குறித்தாகிவிட்டது. ஒரே ஒரு கேள்வி. சென்னையில் பெட்டியைத் திறக்கும்போது பூச்சி அரித்த தடம் தெரிந்தால் ஃப்ரீசரில் வைக்கலாம் என்று படித்தேன். சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜ் போதுமா?

திருப்பூர் நூல்

மைனஸ் 18 டிகிரி வர வேண்டும். தனிக்கதவு ஃப்ரீசர் உள்ள டபுள் டோரில் வரும், சிங்கிள் டோரின் ஐஸ் பெட்டியில் பெரும்பாலும் வராது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். துணியைப் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து மூடி, இரண்டு வாரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். சென்னைக் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் பைக்கு வெளியே படியும், துணிக்குள் இறங்காது. அப்புறம் உதறி, துவைத்து, பெட்டியையும் துடைத்துவிட்டு வையுங்கள். ஓட்டை விழுந்திருந்தால், துவைப்பதற்கு முன்பே அதைச் சுற்றியிருக்கும் கண்ணிகளை ஒரு நூலில் கோத்து முடிந்துவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீரில் பின்னல் ஓடிவிடும்.